மனையடி பார்த்த முயல் கூண்டு

சுப்பண்ணன்: மூணடியா! ஏனுங்க பாய், நான் மொசலுக்குக் கூண்டு கேட்டனா, கண்ணால மண்டபம் கேட்டனா?

ரசாக்: சித்தெ சத்தமாச் சொல்லுங்ணா. பட்டறைல மிஷின் ஓடுது, காதுல உளுக மாட்டேங்குது.

சுப்பண்ணன்: மூணடி எதுக்குன்னு கேட்டனுங்க.

ரசாக்: இப்பவும் ரகசியம் பேசறாப்லதான் பேசறீங்க. தொண்டை கட்டிக்கிச்சுங்களா?

சுப்பண்ணன்: அதெல்லாம் இல்லீங்க... மெதுவாப் பேசியே பழகிப்போச்சு. அதை உடுங்க. மூணடி எதுக்கு?

ரசாக்: நானா சொன்னேன்? உங்க மருமகதான் சொல்லுது. நீளம் மூணு, அகலம் ரெண்டரை, ஒசரம் ரெண்டு. எனக்கென்னங்ணா, பெருசாக் கேட்டா பெருசா வெல்டு வெச்சுத் தாரேன். மொசலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கேட்டு, கிரில்லு, பிரியாணி அண்டாவுக்கு ஸ்டேண்டு பண்றவன்.

சுப்பண்ணன்: அம்மணி, நம்மூட்ல கோழிக்கூண்டு அத்தனையும் சும்மா கெடக்குது. ஒரு கூண்டுல மூணு முட்டைக்கோழி நின்னுச்சு. ஒத்த மொசலு நிக்காதா?

மோகனப்பிரியா: நிக்குமுங்க மாமா. நிக்க மட்டுந்தான் முடியும்.

சுப்பண்ணன்: வேற என்ன பண்ணோணும் அது?

மோகனப்பிரியா: காலை நீட்டிப் படுக்கோணுமுங்க. பின்னங்கால்ல நிமுந்து நின்னா காது மேல முட்டக்கூடாது. ரெண்டு எட்டு குதிக்கோணும். குட்டி போடற பொட்டி வேற உள்ள வெக்கோணும். இது ஒயிட் ஜெயன்ட்டுங்க மாமா, காட்டு மொசலில்ல. அஞ்சு கிலோ. தூக்கிப் பாத்துப்போட்டு நீங்களே 'கைப்புள்ளையாட்டக் கனக்குது'ன்னீங்க.

ரசாக்: அஞ்சு கிலோவா? என்ற பேத்தி யுஸ்ரா பொறந்தப்ப மூணுகூட இல்லம்மா.

சுப்பண்ணன்: நீங்க வேற ஏத்தி உடாதீங்க பாய். இத்தனை நாளா அந்தக் கோழிக்கூண்டுலதான இருந்துச்சு?

மோகனப்பிரியா: இருந்துச்சு. என்ன ஆச்சு? சொல்லுங்க மாமா. பாயிக்கும் தெரியட்டும்.

சுப்பண்ணன்: அதை எதுக்குக் கண்ணு இங்க...

மோகனப்பிரியா: போன ஈத்துல போட்ட குட்டி அத்தனையும் தாயே கடிச்சுக் கொன்னுபோடுச்சுங்க பாய். ஒண்ணுகூடத் தங்கல. நான் பேங்க் வேலைய உட்டுப்போட்டு ஆரம்பிச்ச தொழிலுங்க. அன்னைக்கு நான் சோறே திங்கல. இப்ப மறுபடியும் சினையா இருக்குது. இந்தத் தடவையும் குட்டி தங்கலீன்னா, மொசலு பூராத்தையும் சந்தைக்கு ஏத்திப்போட்டு என்னையத் திரும்ப அடுப்படிக்கே அனுப்பிப்போடுவாங்க எங்கத்தை.

ரசாக்: பெத்த தாயே கடிக்குமா?

மோகனப்பிரியா: கடிக்குமுங்க. எடம் பத்தலீன்னா கடிக்கும். பயந்துச்சுன்னா கடிக்கும். ஆளு மாத்தி ஆளு வந்து எட்டிப் பாத்துட்டே இருந்தாலும் கடிக்கும்.

சுப்பண்ணன்: உன்ற அத்தை ஆசைல பாத்தா கண்ணு.

மோகனப்பிரியா: ஒருக்கா பாத்தா ஆசைங்க. மணிக்கொருக்கா மூடியத் தொறந்தாங்களே? ஒறம்பரை வந்தா காப்பி குடுக்கறதுக்கு முன்னால கூண்டுகிட்டக் கூட்டிட்டுப் போனாங்களே? கீழூட்டுப் பாவாத்தாள் டார்ச்சடிச்சு, 'இதுல எத்தனை ஆணு, எத்தனை பொட்டை'ன்னு கைய உட்டுப் பொரட்டிப் பாத்தாங்களே?

ரசாக்: பொரட்டியா!

சுப்பண்ணன்: நான் சொன்னனுங்க பாய். 'வேண்டாம் சென்னி, பொட்டாட்டச் சும்மா இரு'ன்னு நாலு தடவை சொன்னேன். மெதுவாத்தான் சொல்ல முடிஞ்சுது... அவளுக்குக் காதுல உளுகல.

ரசாக்: சத்தம் போட்டுச் சொல்றதுதானுங்ணா?

சுப்பண்ணன்: எங்கூட்லயா? சரி... அதை உடுங்க. பெரிய கூண்டே போட்டுக்கலாம் அம்மணி. ஆனா மூணடி ஆவாது.

மோகனப்பிரியா: ஏனுங்க மாமா?

சுப்பண்ணன்: மனையடி சாஸ்திரத்துல மூணே கெடையாது. ஆறுல இருந்துதான் ஆரம்பம். காலைல ராமுலுவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்.

ரசாக்: ராமுலுங்கறது... டாக்டருங்களா?

சுப்பண்ணன்: எங்கூடு கட்டுன மேஸ்திரி. மனையடி பாக்காம ஒரு செங்கல்லத் தொட மாட்டாரு. ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி ராசயோகம், ஒம்பது பீடை...

ரசாக்: மொசலுக்குமாங்ணா?

சுப்பண்ணன்: உசுரு குடியிருக்கற எடமெல்லாம் மனைதானாமா. கோழிப்பண்ணை போட்டப்பப் பாக்காம உட்டோம். என்ன ஆச்சு? பண்ணையே போச்சு.

மோகனப்பிரியா: பண்ணை போனது தீவன வெலை ஏறுனதுலங்க மாமா.

சுப்பண்ணன்: தீவன வெலை எதுனால ஏறுச்சு?

மோகனப்பிரியா: ...நம்ம செட்டு ஏழடியா இருந்ததுனாலயா?

சுப்பண்ணன்: பாத்தியா, உனக்கே தெரியுது.

ரசாக்: ஆறடின்னா கூண்டு கேட்டுக்குள்ளயே நுழையாதுங்ணா. அதுல நீங்களே படுத்துக்கலாம்.

சுப்பண்ணன்: அதுக்கும் ஒரு வழி சொன்னாரு. அடிங்கறது டேப்பு அடி இல்லீங்க. குடியிருக்கறவங்க காலடி. அந்தக் காலத்துல ஊட்டுக்காரன் கால வெச்சுத்தான் அளந்தாங்களாமா.

ரசாக்: செரிங்ணா. இங்க ஊட்டுக்காரரு யாரு? நீங்களா, மொசலுங்களா?

சுப்பண்ணன்: அது... குடியிருக்கப்போறது மொசலு.

மோகனப்பிரியா: மாமா, ஒரு நிமிசம். ஒயிட் ஜெயன்ட்டுக்குப் பின்னங்கால் பாதம் அரையடி நீளம் இருக்குமுங்க.

சுப்பண்ணன்: அவ்வளவா இருக்குது?

மோகனப்பிரியா: நான் அளந்திருக்கறேன். அரையடி வெச்சு ஆறு காலடின்னா எவ்வளவுங்க?

சுப்பண்ணன்: அரை, ஒண்ணு, ஒண்ணரை... மூணடி! அட! மூணேதான் வருது!

ரசாக்: நான் அப்பவே சொன்னனுங்களே மூணடின்னு.

சுப்பண்ணன்: நீங்க டேப்புல சொன்னீங்க. இது சாஸ்திரத்துல வருது. வேற வேற. ...இருங்க இருங்க. அகலம் ரெண்டரைன்னா அஞ்சு காலடிதான் ஆச்சு. மனையடில அஞ்சும் இல்லீங்களே.

மோகனப்பிரியா: அப்ப அகலமும் மூணே போட்டறலாங்களா மாமா?

சுப்பண்ணன்: போட்டறோணும். சாஸ்திரத்துல கஞ்சத்தனம் ஆவாது.

ரசாக்: அல்லா! அரையடிக்கு நான் அரை மணிநேரம் வாதாடியிருப்பேன்.

மோகனப்பிரியா: தரைக்கு அரை இஞ்சு கண்ணு மெஷ்ஷு போடுங்க பாய். புழுக்கை கீழ உளுகோணும், கால் மாட்டக்கூடாது. உக்காந்துக்க ஒரு ஓரத்துல பலகை வெச்சுக்கறேன், இல்லீன்னா பெரிய மொசலுக்குக் கால் புண்ணாயிரும்.

ரசாக்: செரிம்மா. ஆணுக்கொண்ணு பொட்டைக்கொண்ணுன்னு ரெண்டு கூண்டு ஒட்டுனாப்ல வருதே, நடுத்தடுப்பு என்ன? மெஷ்ஷே போட்டறலாமா?

சுப்பண்ணன்: மெஷ்ஷே போடுங்க. காத்து வரும். பக்கத்துப் பக்கத்துல மொகம் பாத்துட்டுத் தொணையா இருக்கும்.

மோகனப்பிரியா: வேண்டாங்க. தகரம்.

சுப்பண்ணன்: தகரம் சூடு அம்மணி. பிளைவுட்டாச்சும்...

மோகனப்பிரியா: பிளைவுட்டு வேண்டவே வேண்டாங்க மாமா! பிளைவுட்டுன்னா இந்தப் பக்கம் இருமுனா அந்தப் பக்கம் கேக்குது. பொரண்டு படுத்தாக் கேக்குது. கொலுசக் கழட்டி வெச்சாக்கூட...

ரசாக்: மொசலுக்கு ஏதும்மா கொலுசு?

சுப்பண்ணன்: அவ மொசலச் சொல்லலீங்க பாய்.

ரசாக்: இது குடும்ப விசயம். சொன்ன டீ வந்துச்சான்னு நான் போயிப் பாத்துட்டு வாரேன்...

சுப்பண்ணன்: இருங்க. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? எம்பையன் நிதீஷுக்குக் கண்ணாலம் ஆனப்ப, அவங்களுக்குப் பெரிய ரூம்பத்தான் ஒழிச்சுக் குடுத்தோம். ராமுலுதான், 'பதினோரடி ரூம்புன்னா புத்திர சம்பத்து'ன்னாரு. இவளும், அதான் சென்னி, அதையே புடிச்சுட்டா. இருபத்திரண்டடி ரூம்புக்கு நடுவுல பிளைவுட்ட அடிச்சு, அந்தப் பக்கம் பதினொண்ணு அவங்களுக்கு. இந்தப் பக்கம் பதினொண்ணு எங்களுக்கு.

ரசாக்: நீங்க எதுக்குங்ணா பக்கத்துல?

சுப்பண்ணன்: மீந்த பதினொண்ணையும் வீணாக்க வேண்டாம்னு.

மோகனப்பிரியா: மூணு வருசம் ஆச்சுங்க பாய். வாரவங்க போறவங்க எல்லாரும், 'ஏனம்மணி, ஏதாச்சும் விசேசமா'ங்கறாங்க. ஆர்.எஸ்.புரத்துல டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க எல்லாம் பாத்துப்போட்டு, 'உங்க ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல, சும்மா நிம்மதியா இருங்க'ன்னு அனுப்பிச்சாங்க. நிம்மதியா இருக்கறதுக்குப் பிளைவுட்டுல எந்தப் பக்கம் எடம் இருக்குதுன்னு அந்தம்மா சொல்லல.

ரசாக்: த்சொ...

சுப்பண்ணன்: நிதீஷு ராத்திரில அமெரிக்காக்காரங்களோட மீட்டிங் பேசுவானுங்க. 'ஹலோ, நான் பேசறது கேக்குதா, கேக்குதா'ம்பான். அவங்களுக்குக் கேக்குதோ என்னமோ, எங்களுக்கு நல்லாக் கேக்கும்.

மோகனப்பிரியா: ஒருநாள் மாமா தூக்கத்துல, 'கேக்குது சாமி, பேசு'ன்னு பதில் சொல்லிப்போட்டாரு. அங்க மேனேஜரு, 'அது யாரு, டீம்ல புது ஆளா'ன்னு கேட்டாராமா.

ரசாக்: ஹஹ்ஹா...

சுப்பண்ணன்: சிரிக்காதீங்க பாய். ...அது இருக்கட்டும் கண்ணு, உங்களுக்கு எங்க பக்கத்துல இருந்து என்னென்ன கேக்கும்?

மோகனப்பிரியா: பெருசா ஒண்ணுமில்லீங்க. அத்தை திடீர்னு ஏதாச்சும் ஆரம்பிப்பாங்க. நீங்க 'மெல்ல, மெல்ல'ம்பீங்க. அப்பறம் டம்ளர டொக்குன்னு வெக்கற சத்தம். அப்பறம் ஒண்ணும் இருக்காது.

சுப்பண்ணன்: ம்... அவ்வளவுதானா. ம்...

ரசாக்: செரி, தடுப்புத் தகரம். முடிவாச்சு. டீயும் வந்துருச்சு, எடுத்துக்கங்க. அப்பறம்மா, நீ போன்ல சொன்னியே அந்த...

மோகனப்பிரியா: பாய்! சினைக்குச் சேக்கறதுக்குக் கதவு பெருசா வேணும்னு சொன்னேன். அதைத்தான கேக்கறீங்க?

ரசாக்: ஆ... ஆமா. அதேதான். கதவு.

சுப்பண்ணன்: கதவு பெருசு எதுக்கு?

மோகனப்பிரியா: பொட்டையத் தூக்கிட்டுப் போயி ஆண் மொசலு கூண்டுல உடோணுமுங்க. ஆணைக் கொண்டாந்து பொட்டை கூண்டுல உட்டா, தன்ற எடத்துல எவன்டா வந்தான்னு கடிச்சுப்போடும்.

சுப்பண்ணன்: பாத்தீங்களா பாய், நம்ம வழக்கமேதான். பொண்ணத்தான் மாப்ள ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரோம்.

மோகனப்பிரியா: கூட்டிட்டு வந்து உட்டுப்போட்டு ஒதுங்கிக்கறாங்க மாமா. மொசலோட அப்பனாத்தா பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கறதில்ல.

ரசாக்: ...டீ ஆறுதுங்ணா.

சுப்பண்ணன்: ...குடிக்கறேன்.

மோகனப்பிரியா: கோவிச்சுக்காதீங்க மாமா. வாய்ல வந்துபோடுச்சு.

சுப்பண்ணன்: கோவமில்ல கண்ணு. சொல்றவிதமாச் சொன்னாத்தான எங்களுக்கும் ஏறுது. ...கூண்டு எங்க வெக்கறது? ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில அடுப்படிய ஒட்டி வெச்சறலாமா?

மோகனப்பிரியா: அங்க சத்தங்க மாமா. மிக்ஸி, டீவி, ஒறம்பரை. நம்ம தோட்டத்துச் சாளை, அந்த ஒத்த ரூம்பு ஊடு, சும்மாதான பூட்டிக் கெடக்குது? ஊட்டுல இருந்து கூப்புடு தூரம்கூட இல்ல. தென்னமர நெழலு இருக்குது. அங்க வெச்சா...

சுப்பண்ணன்: வெச்சறலாம்.

மோகனப்பிரியா: ...வெச்சறலாங்களா?

சுப்பண்ணன்: நல்ல எடந்தான். காத்து வரும்.

மோகனப்பிரியா: நீங்க வேண்டாம்பீங்கன்னு நான் ராத்திரியெல்லாம் யோசனை பண்ணி வெச்சிருந்தனுங்க.

சுப்பண்ணன்: நாய் வருமே, பூனை வருமே. அதுக்கு என்ன யோசனை வெச்சிருக்கற?

மோகனப்பிரியா: அதாங்க... காவலுக்கு ஒரு ஆளு அங்கயே தங்கோணுமுங்க.

சுப்பண்ணன்: தங்கோணும். கண்டிப்பாத் தங்கோணும். ராத்திரிதான் முக்கியம்.

மோகனப்பிரியா: ஆமாங்க. ராத்திரிதான்...

சுப்பண்ணன்: அந்த ஒத்த ரூம்புக்கு வெள்ளையடிச்சு, கரண்டு இழுத்து, ஒரு பாத்ரூம்பு...

மோகனப்பிரியா: ஜன்னலுக்குக் கொசுவலை...

சுப்பண்ணன்: ஒரு ஃபேனு...

ரசாக்: கொடுத்து வெச்ச காவக்காரன்ங்ணா. நானே பட்டறையச் சாத்திப்போட்டு வந்தறட்டுமா?

மோகனப்பிரியா: அப்பறம் படுக்கறதுக்கு ஒரு... பாயிகிட்டச் சொல்லியிருக்கறனுங்க மாமா. கூண்டோட சேத்து ஒரு கட்டிலு.

சுப்பண்ணன்: கட்டிலா?

ரசாக்: ஆமாங்ணா. இரும்புக் கட்டில். டபுளு.

சுப்பண்ணன்: டபுளா! காவக்காரனுக்கு எதுக்குங்க டபுளு?

மோகனப்பிரியா: அது... ஒருத்தரு தூங்குனா ஒருத்தரு முழிச்சுக்கோணுமில்லீங்க?

சுப்பண்ணன்: முழிச்சிருக்கறவன் எதுக்கு அம்மணி படுக்கோணும்? ...பாய், நான் சொன்னதையா இவகிட்ட உளறிப்போட்டீங்க?

ரசாக்: நான் வாயே தொறக்கலீங்ணா. நீங்க சொன்ன கட்டிலு வேற, இது வேற.

மோகனப்பிரியா: மாமா சொன்ன கட்டிலா? எத்தனை கட்டிலுங்க பாய் இருக்குது?

ரசாக்: ரெண்டு. ரெண்டும் டபுளு. ரெண்டும் அந்தச் சாளைக்குத்தான். ரெண்டு பேரும், 'யாருகிட்டயும் சொல்லாதீங்க பாய், கூண்டோட கூண்டா ஏத்தி அனுப்பிருங்க'ன்னீங்க. ஒத்த ரூம்புல ரெண்டு டபுள் கட்டிலு எப்படிப் போகும்னு நேத்துல இருந்து நானும் தலையப் பிச்சுக்கறேன். கேக்கவும் முடியல.

மோகனப்பிரியா: ...மாமா.

சுப்பண்ணன்: நீ மொதல்ல சொல்லு கண்ணு.

மோகனப்பிரியா: நானும் அவருந்தானுங்க காவலுக்குப் போலாம்னு இருந்தோம். தனிக்குடித்தனம்னு சொன்னா அத்தை மூணு நாளைக்குச் சோறு திங்க மாட்டாங்க. ஊரு, 'மருமக பையனப் பிரிச்சுட்டா'ங்கும். மொசலுக்குக் காவல்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் பேச மாட்டாங்கன்னு... எனக்கு அழுகையா வருதுங்க மாமா. மொசலு நெசமாத்தான் வளத்தறேன். பொய்யில்ல. ஆனா கூண்டுக்கு எடம் கேக்க முடியுது. எனக்குக் கேக்க முடியல.

ரசாக்: அழுகாதம்மா. மொசலுக்கு மூணுக்கு மூணு வாங்கிட்ட, உனக்கு வாங்க மாட்டியா?

சுப்பண்ணன்: கண்ணத் தொடை அம்மணி. ...கேட்டிருக்கலாமில்ல எங்ககிட்ட?

மோகனப்பிரியா: எப்படிங்க கேக்கறது? ...அந்த இன்னொரு கட்டிலும் எங்களுக்குத்தானுங்களா? எங்களைய அங்க அனுப்பத்தான் சொன்னீங்களா?

சுப்பண்ணன்: இல்ல கண்ணு.

மோகனப்பிரியா: அப்ப?

சுப்பண்ணன்: எனக்கும் உன்ற அத்தைக்கும்.

மோகனப்பிரியா: அத்தையா! அத்தை எதுக்குங்க சாளைக்கு?

சுப்பண்ணன்: மொசலுக்குக் காவல்னு உங்ககிட்டச் சொல்லலாம்னு அவதான் யோசனை சொன்னா.

மோகனப்பிரியா: அய்யோ, அத்தை அங்க இருந்தாங்கன்னா மணிக்கொருக்கா மூடியத் தொறந்து பாப்பாங்களேங்க மாமா! சத்தம் ஆவாதுங்க, குட்டி ஒண்ணுகூடத் தங்காது...

சுப்பண்ணன்: அதுனாலதான் சொல்றேன், மொசல நீங்க ஊட்லயே வெச்சுக்கங்க, அந்தப் பிளைவுட்டையும் கழட்டிப்போடுங்க. உன்ற அத்தையக் கூட்டிட்டு நான் சாளைக்குப் போறேன்... உங்களுக்குக் கேட்டுருமோ கேட்டுருமோன்னு, மூணு வருசமா நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து ஒரு சண்டைகூடப் போடல கண்ணு.